மின்வில்லுக்குப் பதில் எல்இடி

வீடியோ புரொஜெக்டரில் முதலில் ஓய்ந்துபோவது விளக்குதான். வில்லைகளும் படத்தை உருவாக்கும் சில்லும் பத்துப் பதினைந்து ஆண்டுகள் தாங்கும். விளக்கின் ஆயுளோ 2,000 முதல் 4,000 மணி நேரம். புது விளக்கின் விலை பல சமயம் பழைய புரொஜெக்டரின் விலையையே தொட்டுவிடும். மாடல் பழசாகிவிட்டால் விளக்கு கிடைப்பதும் அரிது. அந்த இடத்தில் 20,000 மணி நேரத்துக்கு மேல் எரியக்கூடிய எல்இடி ஒன்றைப் பொருத்திவிடலாமே என்ற எண்ணம், சால்டரிங் அயர்ன் பிடித்துப் பழகிய எவருக்கும் வரும். எண்ணத்தில் தவறில்லை. ஆனாலும் அப்படிச் செய்யப்படும் மாற்றங்களில் பெரும்பாலானவை மங்கலான படத்தில்தான் முடிகின்றன. எல்இடியின் தரத்தையோ செய்தவரின் கைத்திறனையோ இதற்குக் குறை சொல்ல முடியாது. லூமன் கணக்கை மட்டும் பார்த்து எல்இடியை வாங்குவதில்தான் கோளாறு இருக்கிறது.

நீக்கப்படும் விளக்கு

1990களின் நடுவில் பிலிப்ஸ் நிறுவனம் கொண்டுவந்த யுஹெச்பி வகை பாதரச விளக்குதான் இன்றைய புரொஜெக்டர்களைச் சாத்தியமாக்கியது. கடலை அளவுள்ள ஒரு குவார்ட்ஸ் குமிழ். அதற்குள் இரண்டு டங்ஸ்டன் மின்முனைகள். இடையில் ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் இடைவெளி. விளக்கு எரியும்போது உள்ளே ஆவியான பாதரசத்தின் அழுத்தம் வளிமண்டலத்தைப் போல் சுமார் 200 மடங்குக்கு ஏறும். குமிழின் உட்சுவர் 1,000 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாகும். மின்முனையிலிருந்து ஆவியாகும் டங்ஸ்டன் சுவரில் படிந்து கறுக்காமல் இருக்க, துளி புரோமின் சேர்க்கப்பட்டிருக்கிறது. அது டங்ஸ்டன் அணுக்களைப் பிடித்துத் திரும்ப மின்முனையிடமே சேர்க்கிறது.

ஒரு வாட்டுக்குச் சுமார் 60 லூமன் என்பது இந்த விளக்கின் ஒளித்திறன். நல்ல வெள்ளை எல்இடி 100 லூமனை எளிதில் தாண்டுகிறது. அந்தக் கணக்கில் எல்இடிதான் மேல். ஆனால் யுஹெச்பியின் சிறப்பு மொத்த ஒளியில் இல்லை. அத்தனை ஒளியும் ஒரு மில்லிமீட்டர் நீள மின்வில்லிலிருந்து கிளம்புவதில் இருக்கிறது. அந்த வில்லின் ஒளிர்வு, ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 1,000 கேண்டலாவுக்கு மேல். வலுவான வெள்ளை எல்இடியின் ஒளிர்வும் அதில் ஒரு சிறு பங்கே.

விளக்கு முதுமையடையும் விதமும் இதையே காட்டுகிறது. மின்முனைகள் தேயத் தேய மின்வில் நீள்கிறது. விளக்கு உமிழும் மொத்த ஒளி அவ்வளவாகக் குறையாதபோதே திரை மங்கத் தொடங்குகிறது. நீண்ட வில்லின் இரு ஓரங்களிலிருந்து வரும் ஒளி, உள்ளே இருக்கும் சிறு வாயில்களுக்குள் நுழையாமல் வெளியே சிதறிப்போவதுதான் காரணம்.

பரப்பும் கோணமும்

எந்த ஒளிமூலத்துக்கும் இரண்டு அளவுகள் உண்டு: ஒளி கிளம்பும் பரப்பு, அது விரியும் கோணம். இவற்றின் பெருக்கத்தை ஒளியியலில் எடான்டூ என்கிறார்கள். வில்லையாலோ கண்ணாடியாலோ இந்தப் பெருக்கத்தைக் குறைக்க முடியாது. ஒளிக்கற்றையை ஒடுக்கினால் அதன் கோணம் விரியும்; கோணத்தை ஒடுக்கினால் கற்றை அகலும். எத்தனை வில்லைகளை அடுக்கினாலும் மூலத்தின் ஒளிர்வைவிட அதிகமான ஒளிர்வைப் பெற முடியாது. முடிந்திருந்தால், ஒரு சூடான பொருளின் ஒளியைக் குவித்து அதைவிடச் சூடான இன்னொன்றை மேலும் சூடாக்கிவிடலாம். வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதி அதை அனுமதிக்காது.

புரொஜெக்டரின் படச்சில்லுக்கும் இப்படி ஓர் அளவு உண்டு. அதன் பரப்பும், வீழ்த்து வில்லை ஏற்கக்கூடிய கோணமும் சேர்ந்து, எவ்வளவு எடான்டூ உள்ளே நுழையலாம் என்பதைத் தீர்மானிக்கின்றன. மீறி வருவதெல்லாம் வீண். குறுகிய வாயுள்ள புட்டியில் அண்டா நீரைக் கவிழ்ப்பது போலத்தான்: அண்டா எவ்வளவு பெரிது என்பது புட்டிக்குப் பொருட்டல்ல.

வகுப்பறைகளில் ஒரு காலத்தில் பரவலாக இருந்த டிஎல்பி புரொஜெக்டர் ஒன்றைக் கணக்குக்கு எடுத்துக்கொள்ளலாம். அதில் இருப்பது டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் நுண்கண்ணாடிச் சில்லு. 1987இல் அந்த நிறுவனத்தின் லாரி ஹார்ன்பெக் உருவாக்கிய கருத்தின் வழிவந்தது அது. மூலைவிட்டம் 0.7 அங்குலம், 1024க்கு 768 என அடுக்கப்பட்ட கண்ணாடிகள், ஒவ்வொன்றுக்கும் 13.68 மைக்ரான் இடம். ஆகச் சில்லின் பரப்பு 14 மில்லிமீட்டருக்கு 10.5 மில்லிமீட்டர், அதாவது 147 சதுர மில்லிமீட்டர். கண்ணாடிகள் இருபுறமும் 12 டிகிரி மட்டுமே சாய்வதால் ஒளிக்கூம்பும் அதற்குள் அடங்க வேண்டும். வில்லைக் கணக்கில் அது எஃப் 2.4. இவற்றைப் பெருக்கினால் சில்லின் எடான்டூ ஏறத்தாழ 20 சதுர மில்லிமீட்டர்-ஸ்டிரேடியன்.

எல்இடி தன் முன்னுள்ள அரைவெளி முழுவதிலும் ஒளியை வீசும். அதன் எடான்டூ, ஒளிரும் பரப்பைப் பையால் (π) பெருக்கக் கிடைப்பது. எனவே 20ஐப் பையால் வகுத்தால், இந்தப் புரொஜெக்டருக்குப் பயன்படக்கூடிய எல்இடியின் உச்சப் பரப்பு தெரிந்துவிடும்: 6.4 சதுர மில்லிமீட்டர். இரண்டரை மில்லிமீட்டர் பக்கமுள்ள ஒரு சதுரம், அவ்வளவே.

கடைகளில் மலிவாகக் கிடைக்கும், பல எல்இடிகளை ஒரே தகட்டில் நெருக்கிப் பதித்த 100 வாட் சிஓபி எல்இடியை இந்த அளவோடு ஒப்பிட்டால் ஏமாற்றத்தின் காரணம் விளங்கும். அதன் மஞ்சள் சதுரம் சுமார் 20 மில்லிமீட்டர் பக்கம் கொண்டது. பரப்பு 400 சதுர மில்லிமீட்டர். அதில் நூற்றுக்கு 1.6 பங்குதான் படச்சில்லுக்குப் பயன்படும். 9,000 லூமன் தரும் எல்இடியிலிருந்து 144 லூமன் உள்ளே போகும். ஒளியைச் சிவப்பு, பச்சை, நீலம் என மாறிமாறி வடிகட்டும் வண்ணச் சக்கரம் அதில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் விடும். மற்ற வில்லைகளின், கண்ணாடிகளின் இழப்பும் போனால் திரைக்கு வந்து சேர்வது 30 லூமன் அளவில். அதே இடத்தில் இருந்த 200 வாட் யுஹெச்பி விளக்கு 2,000 லூமன் தந்துகொண்டிருந்தது. எல்இடியை 100 வாட்டிலிருந்து 200 வாட்டாக மாற்றினாலும் பலனில்லை, ஏனென்றால் கூடுவது பரப்புதான், ஒளிர்வு அல்ல. நான்கு எல்இடிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைப்பதும் அப்படியே.

ஆகவே தேட வேண்டியது சிறு பரப்பில் மிகுந்த மின்னோட்டத்தைத் தாங்கும் எல்இடி. லூமினஸ் நிறுவனம் செய்த சிபிடி-90 வகை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு: 9 சதுர மில்லிமீட்டர் பரப்பிலிருந்து 2,000 லூமன் அளவில் வெள்ளொளி. மேலே சொன்ன சில்லுக்கு அதில் நூற்றுக்கு 70 பங்கு பயன்படும். கணக்குப்படி திரையில் 280 லூமன் வர வேண்டும். வீட்டு மேசையில் பொருத்தப்படும் வில்லைகளோடு 150 முதல் 200 வந்தாலே வெற்றி. பழைய விளக்கு தந்ததில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டாது. ஆனால் வாட் அளவில் சிஓபியைவிடச் சிறிய இந்த எல்இடி, பெரிய சிஓபியைவிட ஐந்தாறு மடங்கு ஒளியைத் திரைக்குக் கொண்டுபோகிறது.

ஒளியை வாயிலுக்குக் கொண்டுசேர்த்தல்

பழைய விளக்கோடு வந்த பிரதிபலிப்பான் எல்இடிக்கு உதவாது. மின்வில் எல்லாத் திசையிலும் ஒளி வீசும். அதைச் சூழ்ந்து பிடிக்கவே அந்தக் கிண்ணம். எல்இடி ஒரு பக்கம் மட்டும் வீசுகிறது. கிண்ணத்தின் கழுத்தில் எல்இடியை ஒட்டிவைக்கும் பழக்கம் ஏனோ பரவலாக இருக்கிறது. அதில் நடுவில் கிளம்பும் ஒளி கிண்ணத்தைத் தொடாமலேயே விரிந்து போய்விடும்.

டிஎல்பி புரொஜெக்டரில் பழைய பிரதிபலிப்பான் நீள்வட்ட வடிவம். அது ஒளியை, சில மில்லிமீட்டர் அகலமே உள்ள ஒளிக்குழலின் வாயில் குவிக்கும். உட்புறம் கண்ணாடியான அந்தக் குழலுக்குள் ஒளி பலமுறை எதிரொளித்துச் சீராகப் பரவி வெளியேறும். எனவே எல்இடிக்கு இரண்டு வில்லைகள் தேவை. முதலாவது, எல்இடியை ஒட்டினாற்போல் நிற்கும் தடித்த கோளமிலா வில்லை. அகன்ற கோணத்தில் சிதறும் ஒளியைப் பிடிப்பது அதன் வேலை. இரண்டாவது, எல்இடியின் பிம்பத்தைக் குழலின் வாயில் விழச்செய்வது. வில்லைக்கும் எல்இடிக்கும் இடையே அரை மில்லிமீட்டர் விலகினாலே திரையின் ஒளி கண்ணுக்குத் தெரியும்படி மாறும். அதனால் எல்இடியை இறுக்கி ஒட்டிவிடாமல், மூன்று திருகுகளால் முன்பின் நகர்த்தக்கூடிய தகட்டில் பொருத்தி, குறைந்த மின்னோட்டத்தில் எரியவிட்டுச் சரிசெய்வதே நல்ல முறை.

மூன்று எல்சிடி சில்லுகள் கொண்ட புரொஜெக்டரில் வேலை இன்னும் கடினம். அங்கே ஒளி முதலில் இரண்டு ஈக்கண் வில்லைத் தகடுகளைக் கடந்து, தளவிளைவு மாற்றும் பட்டைகளுக்குள் நுழைகிறது. அந்தப் பட்டைகளின் இடைவெளிகள் இணையாக வரும் கற்றைக்கென்றே வெட்டப்பட்டவை. சில டிகிரி கோணம் பிசகினால் ஒளி தவறான பட்டையில் விழுந்து வீணாகும். முதல்முறை முயல்பவர்களுக்கு டிஎல்பியே ஏற்றது.

நிறத்தைப் பற்றியும் ஒரு சொல். பாதரச விளக்கின் ஒளி 436, 546, 578 நானோமீட்டர்களை ஒட்டி உயர்ந்த முகடுகளாக வரும். சிவப்பில் அது ஏழை. வெள்ளை எல்இடியோ 450 நானோமீட்டரை ஒட்டிய நீலமும், பாஸ்பர் பூச்சு தரும் அகன்ற மஞ்சளும் கலந்தது. சிவப்பில் அதுவும் அவ்வளவு செல்வம் படைத்ததல்ல. தொழிற்சாலையில் பாதரசத்துக்கு அமைத்த நிறச் சமநிலை எல்இடிக்குப் பொருந்தாமல் படம் நீலச்சாயல் காட்டக்கூடும். புரொஜெக்டரின் மெனுவில் நிற வெப்பநிலையைக் குறைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

மின்சாரப் பக்கம்

விளக்கை இயக்கும் பாலஸ்ட் பலகைதான் புரொஜெக்டருக்குள் மிக ஆபத்தான பகுதி. அதற்கு ஊட்டப்படுவது சுமார் 380 வோல்ட் நேர்மின்சாரம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்தேக்கிகளில் அந்த அழுத்தம் சிறிது நேரம் தங்கியிருக்கும். மீட்டரால் அளந்து, தக்க மின்தடையத்தின் வழியாக வடித்த பிறகே கை வைக்க வேண்டும். பற்றவைக்கும் நொடியில் விளக்கின் கம்பிகளில் பாயும் துடிப்பு பல ஆயிரம் வோல்ட். எல்இடி பொருத்தியபின் பாலஸ்டுக்கு வேலையில்லை. அதன் இணைப்பை முழுவதுமாகக் கழற்றிவிடுவதே பாதுகாப்பு. கழற்றிய விளக்கில் பாதரசம் இருக்கிறது. உடைக்காமல் துணியில் சுற்றி, மின்கழிவு சேகரிப்பவர்களிடம் சேர்க்க வேண்டும். குப்பைத் தொட்டிக்கு உரியதல்ல.

பாலஸ்டைக் கழற்றியதும் புரொஜெக்டர் முரண்டு பிடிக்கும். 'விளக்கைப் பற்றவை' என்று தாய்ப்பலகை ஆணையிட்டபின் 'பற்றிவிட்டது' என்ற பதில் பாலஸ்டிலிருந்து வர வேண்டும். வராவிட்டால் இரண்டு மூன்று முறை முயன்று, எச்சரிக்கை விளக்கைக் காட்டி அணைந்துவிடும். பழைய மாடல்களில் இந்தப் பதில் ஓர் ஆப்டோகப்ளர் வழியே வரும் எளிய உயர்வு-தாழ்வுக் குறி. அந்தக் கம்பியை உரிய நிலையில் கட்டிவைத்தால் தாய்ப்பலகை நம்பிவிடும். புதிய மாடல்களில் பாலஸ்டும் தாய்ப்பலகையும் தொடர் தரவில் பேசிக்கொள்கின்றன. அங்கே சிறு மைக்ரோகண்ட்ரோலர் ஒன்றை வைத்துப் பாலஸ்டின் பதில்களைப் போலி செய்ய வேண்டியிருக்கும். விளக்கு அறையின் கதவுச் சுவிட்சையும் மின்விசிறிகளின் சுழற்சி உணரிகளையும் தாய்ப்பலகை கண்காணிக்கிறது. விளக்கு இல்லையே என்று மின்விசிறியைக் கழற்றுவது தவறு. படச்சில்லுக்கும் காற்று வேண்டும்.

எல்இடிக்குத் தேவை மாறா மின்னோட்டம், மாறா மின்னழுத்தம் அல்ல. சூடேறும்போது எல்இடியின் முன்னோக்கு மின்னழுத்தம் குறையும். அழுத்தத்தை நிலையாக வைத்தால் மின்னோட்டம் ஏறி, அதனால் சூடு ஏறி, மீண்டும் மின்னோட்டம் ஏறி எல்இடி கருகிவிடும். 100 வாட் சிஓபி 30 முதல் 36 வோல்ட்டில் 3 ஆம்பியர் கேட்கும். சிபிடி-90 போன்ற ஒற்றைப் பெருஎல்இடியோ 4 வோல்ட்டுக்கும் குறைவில் பத்துப் பதினெட்டு ஆம்பியர் இழுக்கும். கம்பி தடிமனாகவும் குட்டையாகவும் இருக்க வேண்டும்.

இன்னொரு நுட்பம் பலருக்குப் பிறகுதான் தெரியவருகிறது. நுண்கண்ணாடிச் சில்லு, சாம்பல் நிறத்தையும் நிறச் சாயல்களையும் கண்ணாடிகளை வினாடிக்கு ஆயிரக்கணக்கான முறை திருப்பியே உண்டாக்குகிறது. எல்இடியும் துடிப்பு முறையில் மங்கலாக்கப்பட்டால் இரண்டு தாளங்களும் மோதிப் படத்தில் பட்டைகள் ஓடும். ஒளியைக் குறைக்க மின்னோட்டத்தைத்தான் குறைக்க வேண்டும். எல்இடியின் மின்னோட்டத்தில் அலைவும் மிகக் குறைவாக இருக்க வேண்டும்.

சூட்டை வெளியேற்றுதல்

யுஹெச்பி விளக்கு தன் சூட்டில் பெரும்பகுதியை அகச்சிவப்புக் கதிர்களாக வீசிவிடும். குளிர்காற்று மீதியைக் கொண்டுபோகும். எல்இடி அப்படியல்ல. அதன் சூடு முழுவதும் அடிப்பக்கத்தின் வழியே உலோகத்தில் கடத்தப்பட்டே வெளியேற வேண்டும்.

18 ஆம்பியரும் 4 வோல்ட்டும் சேர்ந்தால் 72 வாட். அதில் கால் பங்குக்குச் சற்று மேல் ஒளியாகப் போகட்டும். 50 வாட் சூடாக நிற்கும். எல்இடிச் சந்தியிலிருந்து செப்புத் தகடு வரை வாட்டுக்கு 0.8 டிகிரி தடை என்று கொண்டால் 40 டிகிரி ஏற்றம். மின்விசிறியோடு கூடிய ஹீட் சிங்க் வாட்டுக்கு 0.3 டிகிரி என்றால் இன்னும் 15. பெட்டிக்குள் காற்று 40 டிகிரியில் இருந்தால் சந்தியின் வெப்பநிலை 95 டிகிரி. இது தாங்கத்தக்கதுதான். ஆனால் தெர்மல் பேஸ்டில் ஒரு காற்றுக்குமிழ் சிக்கினாலும் கணக்கு கலைந்துவிடும். கணினிச் செயலிகளுக்கான, வெப்பக் குழாய்கள் பதித்த குளிர்விப்பான் இந்த வேலைக்கு அளவெடுத்துச் செய்தது போல் பொருந்தும். விளக்கு அறைக்குள் அது அடங்காது என்பதுதான் சங்கடம். பெட்டியின் பக்கத்தை வெட்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி விடுவதே வழக்கம். அழகு பார்ப்பவர்களுக்கு இது உகந்த வேலையல்ல. குளிர்விப்பானில் வெப்ப உணரி ஒன்றை வைத்து, மின்விசிறி நின்றால் எல்இடியும் அணையும்படி செய்வது கட்டாயம்.

திரையில் கிடைப்பது

200 லூமன் என்பது எவ்வளவு? 1.6 மீட்டர் அகலம், 1.2 மீட்டர் உயரமுள்ள வெள்ளைத் திரையில் அது ஒரு சதுர மீட்டருக்கு 33 கேண்டலா ஒளிர்வைத் தரும். டிஜிட்டல் திரையரங்குகளுக்கான அளவுகோல் 48 கேண்டலா. திரையை 1.2 மீட்டர் அகலமாகச் சுருக்கினால் 59 கேண்டலா வரும், திரையரங்கை மிஞ்சிவிடும். இருட்டறையில் குடும்பமாக உட்கார்ந்து படம் பார்க்க இது தாராளம். சன்னல் திறந்த வகுப்பறைக்கு அறவே போதாது.

இதைவிட ஒளி வேண்டுமென்றால் நிறங்களைப் பிரித்தாள வேண்டும். ஒரே நிற எல்இடிகளைச் சேர்த்து ஒளிர்வைக் கூட்ட முடியாவிட்டாலும், சிவப்பு, பச்சை, நீலக் கற்றைகளை நிறம்பிரிக்கும் கண்ணாடிகளால் ஒன்றன்மேல் ஒன்றாக அதே பாதையில் செலுத்தலாம். மூன்றும் மாறிமாறி எரிந்தால் வண்ணச் சக்கரமும் அதன் இழப்பும் இல்லை. எல்இடி கொண்டு தயாரிக்கப்படும் டிஎல்பி கருவிகள் இப்படித்தான் இயங்குகின்றன. பழைய புரொஜெக்டரை இப்படி மாற்ற, தாய்ப்பலகை எதிர்பார்க்கும் சக்கரச் சுழற்சியோடு எல்இடிகளை நுண்வினாடித் துல்லியமாக ஒத்திசைக்க வேண்டும். கேசியோ 2010இல் கொண்டுவந்த கலப்பு முறையில் நீல லேசர் ஒரு பாஸ்பர் புள்ளியை ஒளிரச்செய்து பச்சையைத் தந்தது. சிவப்புக்கு மட்டும் எல்இடி. லேசர் புள்ளி மிகச் சிறியதாதலால் எடான்டூ நெருக்கடி தளர்ந்தது. பல வாட் நீல லேசரின் எதிரொளிப்பு கூட விழித்திரையைச் சுட்டுவிடும் என்பதால் வீட்டுப் பட்டறைக்கு அது வேண்டாம்.

பெரிய பலகையின் வழி

சிறிய சில்லுக்குப் பொருந்தாத 100 வாட் சிஓபி, பெரிய எல்சிடி பலகைக்கு நன்றாகவே பொருந்தும். பழைய 15 அங்குலக் கணினித் திரையிலிருந்து பின்னொளியைக் கழற்றிவிட்டு, அந்தப் பலகையையே படச்சில்லாக வைத்துப் புரொஜெக்டர் கட்டுவது 2000களில் பல நாடுகளில் பொழுதுபோக்காக இருந்தது. அப்போது 400 வாட் மெட்டல் ஹாலைடு விளக்குகள் பயன்பட்டன. பலகையின் பரப்பு 304க்கு 228 மில்லிமீட்டர், அதாவது 69,000 சதுர மில்லிமீட்டருக்கு மேல். 320 மில்லிமீட்டர் குவியத் தூரமும் 80 மில்லிமீட்டர் விட்டமும் உள்ள வீழ்த்து வில்லை எஃப் 4. இதன்படி எடான்டூ சுமார் 3,400. பையால் வகுத்தால், 33 மில்லிமீட்டர் பக்கமுள்ள எல்இடி வரை இடமுண்டு. 20 மில்லிமீட்டர் சதுரம் அதில் வசதியாக அடங்கும்.

அமைப்பும் எளிது. எல்இடியின் முன் கண்ணாடி வில்லை, 220 மில்லிமீட்டர் தள்ளி ஒரு ஃப்ரெனல் வில்லை ஒளியை இணையாக்கும், பலகை, அதை அடுத்து இரண்டாவது ஃப்ரெனல் ஒளியை வீழ்த்து வில்லைக்குள் குவிக்கும். ஆனால் இங்கே வேறொரு இடத்தில் ஒளி போகிறது: வண்ண எல்சிடி பலகை தன்மேல் விழும் ஒளியில் நூற்றுக்கு 5 பங்கு அளவே விடும். தளவிளைவுப் படலம் பாதியை எடுத்துக்கொள்ள, நிற வடிகட்டிகள் மிச்சத்தில் மூன்றில் இரண்டை விழுங்குகின்றன; பலகையின் மற்ற இழப்புகளும் சேர்கின்றன. 9,000 லூமனில் திரைக்கு வருவது 150 முதல் 200. விலையுயர்ந்த எல்இடியும் நுட்பமான வில்லையும் தரும் அதே அளவை, பத்தில் ஒரு பங்கு நுணுக்கத்தோடு பெறலாம். சந்தையில் இன்று மலிவு விலையில் விற்கும் பெரும்பாலான எல்இடி புரொஜெக்டர்களின் உள்ளேயும் இதே ஏற்பாடுதான், நாலைந்து அங்குலப் பலகையோடு.

பலகை விழுங்கும் 95 பங்கு ஒளியும் சூடாக மாறுகிறது என்பதால் ஃப்ரெனலைப் பலகையோடு ஒட்டிவைக்கக் கூடாது. இரண்டுக்கும் நடுவே ஒன்றிரண்டு சென்டிமீட்டர் விட்டு, அந்த இடைவெளியில் மின்விசிறிக் காற்று கீழிருந்து மேலாக ஓட வேண்டும். காற்று போதாவிட்டால் முதலில் தளவிளைவுப் படலம் மஞ்சளாகும். படத்தின் நடுவில் கருமையான திட்டு ஒன்று தெரிந்தால் திரவப் படிகம் சூட்டில் தன் ஒழுங்கை இழந்துகொண்டிருக்கிறது என்று பொருள். உடனே அணைத்து ஆறவிட்டால் திட்டு மறைந்துவிடும். மஞ்சளான படலத்தை மட்டும் மாற்றத்தான் வேண்டும்.